நகலில் விழாத பென்சில் எழுத்து

"...அப்ப பிழை பிறையில நடக்கேல்லை, கணேசன். இந்த மேசையிலதான் நடந்திருக்கு" என்றார் மிஸ் கே. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பிறைக் கிளை அலுவலகத்தின் தலைவர் கணேசன் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். நான் கதவோரமாக, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி. வெளியே பெஞ்சில் சரோஜா அக்கா என்கிற அம்மாள், தன் தோசைக் கடைக்கு இடம் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காலையிலிருந்து காத்திருந்தார்.

அதற்கப்புறம் மிஸ் கே என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேரே அங்கே தாவினால் உங்களுக்கு விளங்காது. பருப்பு வேகட்டும், அப்புறம் புளி ஊத்தலாம் என்பாள் என் மனைவி. கொஞ்சம் பொறுங்கள்.

எழுதத் தூண்டியது கவிதா. நான் ஓய்வு பெறும் சமயத்தில் இலாகாவில் சேர்ந்த பெண், இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறாள். டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கல்யாண விருந்தில் பார்த்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் சுற்றறிக்கைகள் கணினியில்தான் பிறக்கின்றனவாம், கணினியில்தான் சாகின்றனவாம். எண்ணும் தேதியும் விழாமல் ஒரு தாள்கூட வெளியே போக முடியாதாம். வரைவாக இருந்தால் பக்கத்துக்குக் குறுக்கே பெரிய எழுத்தில் 'வரைவு' என்று தானாகவே விழுமாம். "அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி அங்கிள் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

நாங்க எங்கே சமாளிச்சோம்மா, தப்பிச்சோம் என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கணினி ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, பாயசம் இலையில் விழுவதற்கு முன்பே என் வயிறு குளிர்ந்துவிட்டது. அந்தக் காலம் மாதிரி வராது என்று பெருமூச்சு விடுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள்.

எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை. தலைமை ஆபீஸ் ஜார்ஜ்டவுனில் இருந்தது, ஃபெரி ஏறி அக்கரை போனால் பிறையில் ஒரு கிளை இருந்தது. அரசாங்க நிலத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கடை போட இடம் ஒதுக்குவது எங்கள் வேலைகளில் ஒன்று. இவ்வளவு போதும்.

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆபீஸ் பையனாக நுழைந்து, தேநீர் வாங்கி, ஃபைல் சுமந்து, ராத்திரிப் பள்ளிக்குப் போய்ப் பரீட்சை எழுதிக் கிராணி, அதாவது எழுத்தர், ஆனேன். மலாய் மொழியைப் பள்ளியில் பாதி படித்தேன், சுற்றறிக்கையில் மீதியைப் படித்தேன். அதனால் கல்யாணமான புதிதில் மனைவியிடம் மீன் வாங்குவதைப் பற்றிப் பேசினால்கூட 'மேற்கண்ட விவகாரம் தொடர்பாக' என்றுதான் ஆரம்பிப்பேன் என்று அவள் இன்றைக்கும் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சுற்றறிக்கை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தை மேலே இருப்பவர்கள் போடுகிறார்கள். அதைக் கவுண்டரில் எப்படிச் செய்வது, யாருக்கு ஆமாம் சொல்வது, யாருக்கு இல்லை சொல்வது என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லும் தாள்தான் சுற்றறிக்கை. ஆபீஸில் அதைப் 'பெக்கெலிலிங்' என்போம். பொதுமக்களுக்குச் சட்டம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த அரசாங்கமெல்லாம் கவுண்டரில் இருக்கிற முகம்தான். அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பது இந்தத் தாள்.

அந்தத் தாள்களைக் காப்பது என் வேலை. புதிது ஒன்று வந்தால், அது எந்தப் பழையதை ரத்து செய்கிறது என்று அதிலேயே ஒரு பத்தி இருக்கும். பழையதை எடுத்துக் குறுக்கே சிவப்பு மையில் 'பாத்தால்', அதாவது ரத்து, என்று முத்திரை குத்துவேன். ஆனால் தூக்கிப் போட மாட்டேன். பழையது உயிரோடு இருந்த நாளில் நடந்த காரியத்தைப் பழையதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சில சமயம் ஒரு வரி மட்டும் மாறும். அப்போது திருத்த வரியைக் கத்தரித்துப் பழைய வரிமேல் ஒட்டுவோம், மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி. தூக்கிப் பார்த்தால் அடியில் பழைய வரி தெரிய வேண்டும். முழுக்கப் பசை தடவி ஒட்டுகிறவனை எங்கள் ஆபீஸில் 'சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன்' என்பார்கள்.

இப்போது மிஸ் கே.

தலைமை ஆபீஸில் எங்கள் பிரிவின் அதிகாரி. முழுப் பெயர் வேறு, நாங்கள் வைத்தது மிஸ் கே. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவர் அப்பா ரயில்வேயில் பெரிய கிராணியாக இருந்தவர் என்று கேள்வி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் கறுப்புக் கைப்பை, மேசைமேல் எப்போதும் ஒரு குவளை சுடுதண்ணீர். கோபம் வந்தால் குரல் உயராது. நாம் நீட்டிய தாளை ஒரே விரலால் நம் பக்கம் திருப்பித் தள்ளுவார். அந்த விரலுக்கு நாங்கள் பயந்த பயம் வேறு எதற்கும் பயந்ததில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சுற்றறிக்கையும் கையெழுத்துக்குப் போவதற்கு முன்னால், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மூன்று பேரைக் கூப்பிடுவார். கவுண்டர் கிராணி ரொக்கையா, டிரைவர் ஆ செங், நான். எழுந்து நின்று வரைவை வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்து, "இப்ப நீங்கள் கவுண்டரில நிக்கிறீங்கள். எதிர்ல ஒரு ஆள் வந்திட்டார். என்ன சொல்லுவீங்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் தாள் மேலே போகும். ஆளுக்கொரு பதில் சொன்னால் எங்களைக் குறை சொல்ல மாட்டார், உட்கார்ந்து தாளைத் திருத்துவார். 'உடனடியாக' என்ற சொல்லை எங்கே கண்டாலும் அடிப்பார். உடனடியாக என்றால் எப்போது, தேதியைப் போடுங்கோ என்பார். ஒருமுறை ஒரே சுற்றறிக்கையை நாங்கள் நான்கு மத்தியானம் கேட்டோம். ஆ செங் தூங்கிவிட்டார். ரொக்கையா அவரை இடித்து எழுப்பி, 'பியார் லம்பாட், அசால் செலாமாட்' என்றாள். மெதுவாகப் போனாலும் பத்திரமாகப் போய்ச் சேரணும் என்கிற மலாய்ப் பழமொழி. டிரைவர் வேலையில் இருப்பவர் இதைத் தூக்கத்தில் கேட்கக் கூடாது என்றார் மிஸ் கே, சிரிக்காமல்.

எழுதுவதிலும் ஒரு வழக்கம். வரைவில் அவர் கை வைப்பதெல்லாம் பென்சிலில். கையெழுத்து மட்டும் மையில். "மை போட்டா பேச்சு முடிஞ்சுது, மணியம். பென்சில் எண்டா இன்னும் கதைக்கலாம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் சேர்த்த சொத்தே இப்படி மனிதர்கள் சொன்ன சொற்கள்தான், அதில் இது ஒன்று. எல்லாம் முடிந்த பிறகே நான் எண் கொடுப்பேன். எண் விழுந்த நாளில்தான் தாளுக்கு உயிர். துறைமுகத்தில் அப்பா சொல்வார்: கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வரைக்கும் அது கரை இல்லடா, கடல்தான், காலை வைக்காதே. எண் விழாத தாளும் அப்படித்தான்.

நடந்தது இதுதான். கடை இடங்களைப் பற்றிய கொள்கையை மேலிடம் மாற்றத் தீர்மானித்தது. பழைய சுற்றறிக்கைப்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோனால், அவருக்கு உதவியாளர் என்று பதிவான வீட்டு ஆள் அதே இடத்தில் தொடரலாம். புதியது, இறந்தால் இடம் இலாகாவுக்குத் திரும்பிவிடும், காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போகும் என்றது. அதில் நியாயமும் இருந்தது. சிலர் பேர் ஒன்று ஆள் ஒன்று என்று இடத்தை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிளைகளின் கருத்தைக் கேட்காமல் மிஸ் கே எதையும் வெளியிட மாட்டார். அதனால் வரைவை முன்கூட்டி அனுப்பினார். பிறைக்குப் போன பிரதியின் மேல் மூலையில் தன் கையாலேயே 'கருத்துக்கு மட்டும்' என்று எழுதினார். பென்சிலில். அவருடையது பூ விழுந்த மாதிரி எழுத்து, தாளில் அழுத்தமே இருக்காது.

அது பிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கணேசன் ஊரில் இல்லை. மனைவிக்குப் பிரசவம் என்று லீவில் போயிருந்தார். அங்கிருந்த கிராணி, தலைமை ஆபீஸிலிருந்து வந்த தாள் கவுண்டருக்கு உடனே போகட்டும் என்று நகல் எடுத்தார். அப்போதைய நகல் இயந்திரம் மெல்லிய பென்சில் எழுத்தைப் பிடிக்காது. கவுண்டருக்குப் போன நகலில் மூலை வெள்ளையாக இருந்தது. மூலப் பிரதி கணேசனின் தட்டில், மற்றத் தாள்களுக்கு அடியில் போய்விட்டது. திரும்பி வந்த கணேசன் கவுண்டரில் நகலைப் பார்த்தார், நான் இல்லாதபோது சுற்றறிக்கை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சரோஜா அக்காவின் புருஷன் இறந்தார். பிறைத் தொழிற்பேட்டை முச்சந்தியில் விடியற்காலையில் தோசைக் கடை போட்டவர்கள் புருஷனும் பெண்சாதியும். ஷிஃப்டுக்குப் போகிற மோட்டார் சைக்கிள்களெல்லாம் அங்கே நின்று வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் போகும். பதிவான உதவியாளர் அக்காதான். கருமாதி முடித்துப் பெயர் மாற்றப் போனவரிடம் கவுண்டரில் இனிமேல் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடம் அடுத்தவருக்கு என்று முடிவாயிற்று. கடையை எடுக்காவிட்டால் லாரி வந்து தூக்கும் என்று அமலாக்கப் பிரிவு அறிவிப்பும் ஒட்டியது.

அக்கா கவுண்டரோடு மல்லுக்கட்டவில்லை. கிளை ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அலைந்து பார்த்துவிட்டு, ஃபெரி ஏறித் தலைமை ஆபீஸுக்கே வந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் போனபோது பெஞ்சிலிருந்து என்னைக் கூப்பிட்டார். சந்தைக்குப் பின்னால் வேறு இடம் தருகிறோம் என்று இரக்கப்பட்டுச் சொன்னார்களாம். "பின்னாடி இடம் எதுக்கு தம்பி? அங்க போட்டா எலிதான் வந்து தோசை சாப்பிடும். எலி காசு குடுக்குமா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது லா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

புருஷன் எப்போது தவறினார் என்று கேட்டேன். சொன்னார். அன்றைக்குப் புதிய சுற்றறிக்கை பிறக்கவே இல்லை. அதற்கு எண் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவர் பெயர் மாற்றப் போன நாளில்கூட அது பிறக்கவில்லை. ஆனால் இப்போது பிறந்துவிட்டது, அமலில் இருக்கிறது. இடத்தை அடுத்தவருக்கு ஒதுக்கும் கடிதமோ மிஸ் கேயின் கையெழுத்துக்காக மேசையில் காத்திருக்கிறது. போட்டுவிட்டால் அப்புறம் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் சண்டை.

மிஸ் கே கணேசனை வரச் சொன்னார். கவுண்டரில் இருந்ததையும் மூலப் பிரதியையும் கொண்டுவரச் சொன்னார். கணேசன் தேடி எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து, இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மூலையில் இரண்டு சொற்கள். மற்றதில் அந்த இடம் வெறுமை.

மிஸ் கே நகலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, எண் இல்லையே, நீங்கள் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

"பார்த்தேன் மேடம். வேற யார் அனுப்பியிருந்தாலும் போன் போட்டுக் கேட்டிருப்பேன். உங்ககிட்ட இருந்து வந்த தாளாச்சே, நம்பர் பின்னாடியே வரும்னு நினைச்சேன்" என்றார் கணேசன்.

அதைக் கேட்ட பிறகுதான் மிஸ் கே, நான் முதலில் எழுதிய வாக்கியத்தைச் சொன்னார். அதன் முன்பாதி இது: பென்சில் நகலில் விழாது என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான், அது தெரியாமல் அனுப்பியவள் நான்.

அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் ஒன்று தெரியும். மிஸ் கேயின் பெயர் பதவி உயர்வுக்கு மேலே போயிருந்தது. எண் விழாத ஒரு கொள்கைத் தாள் அவர் மேசையிலிருந்து போய்க் கவுண்டரில் அமலாகிவிட்டது என்று எழுத்தில் வந்தால், அந்த ஃபைல் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுலபமான வழிகள் இரண்டு இருந்தன. புதியது அமலில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று கடிதத்தில் கையெழுத்துப் போடலாம். அல்லது கிளையின் கவனக்குறைவு என்று எழுதலாம். இரண்டாவதைக் கணேசனே எடுத்துக் கொடுத்தார். "என் பேர்ல எழுதிடுங்க மேடம். எனக்கு இன்னும் சர்வீஸ் கிடக்கு, திட்டு வாங்கிட்டுப் போறேன். உங்களுக்கு இப்பத்தான் வருது" என்றார். நல்ல மனிதர். மெய்யாகவே சொன்னார். எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஒரு வழியாகத்தான் பட்டது.

மிஸ் கே சுடுதண்ணீரை ஒரு வாய் குடித்தார். "பிள்ளை பிறந்த வீட்டுக்கு அப்பிடி ஒரு கடிதம் கொண்டு போகக் கூடாது, கணேசன்" என்றார். பிறகு கையெழுத்துக்கு வைத்திருந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஒரே விரலால் என் பக்கம் தள்ளினார். அந்த விரலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மூடியைக் கழற்றி மைப்பேனாவை எடுத்தார். தட்டச்சுக்குக் கொடுக்கவில்லை, தானே எழுதினார். வரைவை எண் இல்லாமல் அனுப்பியது நான், குறிப்பைப் பென்சிலில் எழுதியது நான், கிளை நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டது, விண்ணப்பதாரர் பழைய சுற்றறிக்கையின் கீழ் வருகிறார், இடம் அவருக்கே. ஒரு பக்கம்கூட வரவில்லை. மேலிடத்துக்கு ஒரு பிரதி, பிறைக்கு ஒன்று, அமலாக்கப் பிரிவுக்கு ஒன்று என்று சொல்லி என்னிடம் தந்தார்.

இதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று கவிதாவும் கேட்டாள். விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வந்தது, அவர் பதில் எழுதினார். பதவி உயர்வு அந்த முறை வரவில்லை, அதற்கடுத்த முறை வந்தது. கணேசனுக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்கப்புறம் எங்கள் இலாகாவில் வரைவு என்றால் பக்கத்துக்குக் குறுக்கே நீல மையில் பெரிய முத்திரை. கணினி இன்றைக்குச் செய்வதை நாங்கள் அன்றைக்குக் கையால் குத்தினோம். கை மறந்துபோகும், கணினி மறக்காது. அதனால்தான் சொன்னேன், வயிறு குளிர்ந்தது என்று.

அன்றைக்கு மிஸ் கே சரோஜா அக்காவை உள்ளே கூப்பிடவில்லை. தானே வெளியே போய்ப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். இடம் உங்களுடையதுதான் என்றார். அக்கா சட்டென்று நம்பவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்கே கடையப் போடலாங்களாம்மா? லாரி வந்துட்டா?" என்றார்.

நியாயமான கேள்வி. கடிதம் பதிவாகி, பையில் ஏறி, ஃபெரியில் போய், அமலாக்கப் பிரிவின் தட்டில் விழுந்து, அங்கே ஒருவர் படிப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஆகும். தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். வாய்ப்பேச்சில் ரத்து செய்ய மாட்டோம், எழுத்து வரட்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் கற்றுக்கொடுத்த பாடம்தான் அது.

மிஸ் கே அக்காவின் பக்கம் திரும்பினார். "நாளைக் காலமை போடுங்கோ. தாள் வந்து சேரும் வரைக்கும் நான்தான் தாள்" என்றார்.

ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் கடிதத்தின் பிரதியைக் கையோடு கொண்டு போகலாம் என்று விடியலிலேயே ஃபெரி ஏறிப் பிறைக்குப் போனால், முச்சந்தியில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலைப் பையன்கள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கஞ்சி போட்ட சேலையும் மடியில் கைப்பையுமாக மிஸ் கே. தட்டில் பாதித் தோசை. அக்கா அவருக்குச் சட்னி வைக்கிறேன் வைக்கிறேன் என்று பாதிக் கிண்ணத்தைக் கொட்டியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அமலாக்கப் பிரிவின் லாரி திருப்பத்தில் திரும்பி, கடைக்கு எதிரே வந்து நின்றது. அக்காவின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சீருடை போட்ட தலைவர் இறங்கி வந்தார். நான் கடிதத்தை நீட்டப் போனேன். மிஸ் கே கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை. தட்டைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, அவரைப் பார்த்து மலாயில் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் அக்காவின் பக்கம் திரும்பி, இன்னொரு தோசைக்கு விரலைக் காட்டினார்.